சீக்கிரம் அடங்கிய மணி

நிரஞ்சலாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது தன்னுடைய இடது காதின் மேல்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மொன்றியல் மலையின் வடக்குச் சரிவில் நிற்கும் சென்-அலாரி தேவாலயத்தின் கோபுரத்தில், நூற்றுப் பதினெட்டு இரும்புப் படிகளுக்கு மேலே, சுற்றிவரப் பலகை அடித்த ஒரு சிறிய அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு வரிசையாக நீண்ட மரக்கட்டைகள். காலடியில் இன்னொரு வரிசை. கட்டையை முஷ்டியால் குத்தினால் அதோடு பிணைத்த கம்பி இழுபடும்; கம்பியின் மறுமுனையில் ஒரு மணியின் நாக்கு அசைந்து வெண்கலத்தில் அடிக்கும். சின்ன மணிகள் தலைக்கு மேலே அடுக்கடுக்காகத் தொங்கின. பெரியவை தரைக்குக் கீழே. மொத்தம் நாற்பத்தேழு. கரியோன் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அந்த வாத்தியத்தைப் பெல்ஜியத்துச் சிறு நகரம் ஒன்றில் பதினைந்து வருடமாக வாசித்து வந்தவள் அவள்.

ஒவ்வொரு மணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். புதிய கோபுரத்துக்குப் போனால் முதலில் செய்வது அதுதான். பெரிய மணி ஒன்று அடங்குவதற்கு இருபது, இருபத்தைந்து விநாடி எடுக்கும், சின்னதற்கு ஆறேழு. ஒலி அடங்கும் விதத்தை வைத்தே மணியின் குணத்தைச் சொல்லிவிடலாம். மேல்வரிசையில் பதினோராவது கட்டையைக் குத்தினாள். மணி தெளிவாகத்தான் ஒலித்தது. ஆனால் இரண்டு விநாடிகூட ஆகவில்லை, நின்றுவிட்டது. தேய்ந்து போகவில்லை. ஒரு சொல்லின் பாதியில் கதவைச் சாத்தியது போல நின்றது.

மறுபடி குத்தினாள். மறுபடியும் அப்படியே.

போன சித்திரையில் காது வைத்தியர் ஒரு தாளைக் காட்டி, இடது பக்கத்தில் உயர்ந்த ஒலிகள் குறைந்துகொண்டு போகின்றன என்று சொல்லியிருந்தார். அவள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுடைய பெல்ஜியத்துக் கோபுரத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டிவிட்டார்கள். திறக்க எட்டு வருடம் ஆகுமாம். இங்கே மூன்று நாள் விருந்தினராகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் போன மார்கழியிலிருந்து இந்தக் கோபுரத்துக்கு வாசிக்க ஆள் இல்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியைக் கோயிற் சபையார் கீழே நின்று கேட்கப் போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். காது போகிற ஒருத்தியை எந்தக் கோபுரமும் எடுக்காது.

எழுந்து, ஏணியில் ஏறி, மேலே மணிகளுக்கு நடுவே போய்ப் பார்த்தாள். சாய்ந்த மரச்சட்டங்களுக்கு இடையால் காற்று அறுத்துக்கொண்டு வந்தது. கீழே பார்க் எக்ஸ்டென்ஷன் குடியிருப்பின் தட்டைக் கூரைகளும், புகைபோக்கிகளும், பனிக்குள் கறுப்பாக ஓடும் ரெயில்பாதையும் தெரிந்தன. அவள் கண்ட கோபுரங்களில் எல்லாம் புறா இருக்கும். வலை கட்டினாலும் வரும், விரட்டினாலும் வரும். இங்கே எச்சம் இல்லை. ஒரு இறகுகூட இல்லை. மணிகள் எல்லாவற்றிலும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது, ஒன்றைத் தவிர. பதினோராவது மணி ஈரமாக, கறுத்து, மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் கயிறு இல்லை, கூடு இல்லை, ஒலியைத் தடுக்கக்கூடிய எதுவும் இல்லை.

வாய்க்குள் செம்பு ருசித்தது. பழைய சொம்பில் தண்ணீர் குடித்த மாதிரி. குளிர்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே மரியதாசன் பனி உருக உப்புத் தூவிய வாசற்படியைக் கூட்டிக்கொண்டு நின்றார். அறுபது தாண்டிய திருகோணமலைக்காரர். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கோயிலின் பனி, கொதிகலன், மெழுகுதிரி, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. வரப்போகிற விருந்தாளியின் பெயரைப் பார்த்ததுமே, "தமிழ்ப் பிள்ளை ஒண்டு ஹோட்டல்ல போய்த் தங்கிறதோ?" என்று சபையாரிடம் சண்டை பிடித்து, அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனவர். வாய் ஓயாது. கதைக்க ஆள் இல்லாவிட்டால் பாடுவார். பாட்டு மறந்தால் சீழ்க்கை அடிப்பார்.

"அண்ணை, மேல்வரிசையில ஒரு மணி சரியில்லைப் போல. சீக்கிரம் நிண்டு போகுது. உங்களுக்கு அப்பிடிக் கேட்டதோ?"

"எனக்கெண்டால் எல்லாம் நல்லாத்தான் கேட்டுது பிள்ளை. ரோட்டுக்கு அங்கால பஸ் தரிப்பில நிண்ட சனமும் அண்ணாந்து பாத்ததுகள்."

அப்படியென்றால் பிழை தன் காதில்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் மரியதாசன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் மனைவி கனகமணி புட்டும் மீன்குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கரண்டியால் சில்வர் டம்ளரை மெல்லத் தட்டிப் பார்த்தாள். டம்ளர் நீளமாக, இனிமையாக ஒலித்தது. இரண்டு காதிலும் கேட்டது.

"என்ன மகள், தண்ணி வேணுமோ?" என்றாள் கனகமணி.

"இல்லை அக்கா. சும்மா."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ஏறிவிட்டாள். கைத்தொலைபேசியைப் பலகைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒலிப்பதிவைத் தொடக்கிவிட்டு உட்கார்ந்தாள். பதினோராவது கட்டையைக் குத்தினாள்.

மணி ஆறு விநாடி ஒலித்துத் தேய்ந்தது. ஒரு குறையும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கம்பியில் பனிக்கட்டி இருந்திருக்கும், வேறென்ன. பயிற்சியைத் தொடங்கினாள். கட்டைகள் கடகடக்க, கம்பிகள் உராய, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வெண்கலம் நிரம்பியது. முதல் பாட்டின் கடைசிச் சுரம் ஒரு நடுத்தர மணி. அதை அடித்துவிட்டுக் கையை எடுத்து, அது காற்றில் கரைவதற்காகக் காத்திருந்தாள்.

மூன்று விநாடி. நின்றது.

இரண்டாவது பாட்டு வேறொரு மணியில் முடிந்தது. அதுவும் நின்றது, இரண்டு விநாடியில். மூன்றாவது பாட்டு கீழே ஒரு பெரிய மணியில் முடிய வேண்டும். காற்கட்டையை மிதித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நின்றது. இருபத்தைந்து விநாடி அதிர வேண்டிய இரண்டு தொன் வெண்கலம், ஐந்தாவது விநாடியில்.

அவள் அசையாமல் இருந்தாள். பிறகு, தான் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று தெரியாமலே, அந்தப் பெரிய மணிக்குப் பக்கத்து மணியை மிதித்தாள். ஒரே விநாடியில் நின்றது. உச்சியில் இருக்கும் மிகச் சின்ன மணியைத் தட்டினாள். அது தானாகவே அடங்கும் மட்டும் ஒலித்தது. நடுமணியை அடித்தாள். மூன்று விநாடி. அதற்குப் பக்கத்து மணி. ஒரு விநாடி.

பக்கத்து மணி என்றால் உடனே. தூரத்து மணி என்றால் சற்றுப் பொறுத்து.

ஏதோ ஒன்று போய்ச் சேர எடுக்கும் நேரம்.

தொலைபேசியை எடுத்து, காதுக்கருவியை மாட்டி, பதிவைப் போட்டுக் கேட்டாள். திரையில் ஒலி கோடாக ஓடியது. ஒவ்வொரு மணியும் மலை போல எழும்பி, சரியத் தொடங்கி, பாதிச் சரிவில் கத்தியால் வெட்டியது போல் முடிந்திருந்தது. அவள் காதில் பிழை இல்லை. கருவிக்கும் அதேதான் கேட்டிருக்கிறது. எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாரம் அந்தக் கோட்டைக் கண்டதும் இறங்கியது. கண்ணில் நீர்கூட வந்தது. என் காது நல்லாத்தான் இருக்கு, என் காது நல்லாத்தான் இருக்கு என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொன்னாள்.

பிறகுதான் அடுத்த எண்ணம் வந்தது. அப்படியென்றால், மணியைப் பிடிப்பது எது?

கோட்டை எடுக்கவும் மறந்து படியிறங்கினாள்.

மரியதாசன் கொதிகலன் அறையில் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கடதாசிப் பையில் ரோல்ஸ் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. முந்தி வாசிச்சவர் ஏன் விட்டவர்?"

மரியதாசன் பிளாஸ்கை மூடி, ரோல்ஸ் பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"அது நல்ல மனிசன் பிள்ளை. முப்பது வரியம் வாசிச்சது. போன மார்கழி ஒரு நாள், இதே மாதிரித்தான், கோட்டும் இல்லாமல் இறங்கி வந்தார். சாவியை என்ர கையில தந்தார். அவ்வளவுதான். இப்ப லொங்குய்யில மகளோட இருக்கிறார். ஒருக்காப் போய்ப் பாத்தனான். வீட்டில ரேடியோ இல்லை, டிவி இல்லை. மணிக்கூட்டைக்கூட எடுத்துப் போட்டினம். என்ன முசியே எண்டு கேட்டன். உதட்டில விரலை வைச்சுக் காட்டினார்."

"வேறொண்டும் சொல்லேல்லையோ?"

"எழுதித் தந்தார். பிரெஞ்சில. 'அதுக்குச் சத்தத்தில வெறுப்பு இல்லை. பிரியம்தான்' எண்டு." மரியதாசன் தேத்தண்ணியை அவள் கையில் வைத்தார். "வயசு போன மூளை எண்டு நினைச்சன். உனக்குப் பயமெண்டால் சொல்லு. நாளைக்குக் கச்சேரி இல்லையெண்டு நான் சபைக்குச் சொல்லுறன். உன்னை ஒருத்தரும் பேசாமல் நான் பாக்கிறன்."

பட்டப்பகலில் நடக்கும் கச்சேரி. ஒரு மணித்தியாலம்தான். காதில் குறையில்லை என்று தெரிந்தபிறகு, இந்த வேலையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லை அண்ணை. வாசிக்கிறன். நீண்ட சுரம் இல்லாத பாட்டா எடுக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கினாள். வானம் ஈயம் போல இருந்தது. கோயில் முற்றத்தில் தொப்பியும் கழுத்துத் துணியுமாக அறுபது, எழுபது பேர் நிற்பதை ஏறும்போது படிக்கட்டுச் சன்னலால் பார்த்திருந்தாள். அவள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் வேகமான நடனப் பாட்டுகள். ஒரு மணி அடங்குமுன் அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று. பிடிப்பதற்கு எதையும் மிச்சம் விடக்கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. முஷ்டிகள் நொந்தன, கழுத்தில் வியர்வை ஓடியது. அரை மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒரு கட்டத்தில் பயத்தையே மறந்து, உண்மையான சந்தோசத்தோடு வாசித்தாள்.

பிறகு ஓட்டத்தின் நடுவே ஒரு மணியின் ஒலி அறுந்தது.

ஒலித்தது, உடனே இல்லாமல் போனது. அடுத்த அடியில் அதற்குக் கீழ்மணி. பிறகு அதற்கும் கீழே. அவள் கைகள் போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்தது. முதலில் ஒரு சுரம் பிந்தி. பிறகு அரைச் சுரம் பிந்தி. பிறகு, பிந்தவே இல்லை. நேற்று மூன்று விநாடி எடுத்த தூரத்துக்கு இன்று ஒரு கணம்கூட எடுக்கவில்லை. அது பழகிக்கொண்டிருந்தது.

காலுக்குக் கீழே பெரிய மணிகள் ஒவ்வொன்றாக ஊமையாகின. பலகைத் தரையின் அதிர்வு பாதத்துக்கு எட்டாமல் நின்றுபோனது. அறையில் செம்பின் வாடை.

இடது கையால் ஒரு கட்டையைக் குத்தினாள். மேலே மணி கேட்டது. முழுதாக, அழகாக, ஆறு விநாடி. ஆனால் கட்டை மரத்தில் மோதும் சத்தம் கேட்கவில்லை.

வலது கை. மணி கேட்டது. மரம் கேட்கவில்லை.

கதிரை முனகவில்லை. அவள் மூச்சு வாங்கினாள். மார்பு ஏறி இறங்கியது. மூச்சின் சத்தம் மூக்கின் நுனியோடு நின்றது.

அது இப்போது மணிகளிடம் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் துணி உரசும். எஞ்சியிருந்த ஒரே ஒரு தெளிவான எண்ணம்: சத்தம் இருக்கும் இடத்துக்கு அது போகும். கைகளை மெல்ல, மிக மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனாள். உயர்ந்த மணிகள். ஒன்றைத் தட்டினாள். அதற்கு மேல் ஒன்று. அதற்கும் மேல். ஒரே மணியை இரண்டு தரம், மூன்று தரம், தாலாட்டுவது போல. போ. மேல போ. உச்சியின் கடைசிச் சின்ன மணி. டிங். டிங். டிங்.

கட்டை மரத்தில் மோதும் சத்தம் திரும்பி வந்தது.

உச்சி மணி ஊமையானது.

அவள் அதை இன்னும் நாலு தரம் தட்டினாள், அது அங்கேயே இருக்கட்டும் என்று. கீழே முற்றத்தில் மெலிதாகக் கைதட்டல் எழுந்தது. கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கதவை ஒரு விரலால் தள்ளினாள். வெளியே, சுழன்று இறங்கும் இரும்புப் படிகள். நாலு மணி ஆகியிருக்கும். சன்னல்களில் வெளிச்சம் நீலமாகச் செத்துக்கொண்டிருந்தது. காலுறைப் பாதங்களுக்குக் கீழே இரும்பு சுட்டது, அவ்வளவு குளிர். ஒரு படி. இன்னொரு படி. வாயால் மூச்சுவிட்டாள். முப்பது படி. ஐம்பது.

அப்போது கீழே கதவு திறந்தது. பாரமான சப்பாத்துகள் இரும்பில் ணங், ணங் என்று ஏறத் தொடங்கின.

"பிள்ளை! நிரஞ்சலா!"

மரியதாசன்.

"கேட்டியோ கைதட்டை? சபையின்ர பெரிய மனிசி அழுகிறா! உனக்குத்தான் வேலை, எழுதி வைச்சுக்கொள்! நான் அப்பவே சொன்னனான்!"

கோபுரம் முழுக்க அந்தக் குரல் ஏறி உருண்டது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கையை ஆட்டினாள். இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. டோர்ச் வெளிச்சம் சுவரில் சுழன்று வந்தது. சப்பாத்துகள். ணங். ணங்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை? அலுத்துப் போனியோ? நில், நில், நான் வாறன். கனகமணி உனக்கெண்டு..."

அவள் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. காற்று அல்ல. மேலிருந்து ஏதோ இறங்கியது; அவளைத் தொடாமல், அவள் தோளோடு ஒட்டினாற்போல, அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. நாக்கில் செம்பு.

"...ரொட்டி சுட்டு வை"

சப்பாத்தின் சத்தமும் இல்லை.

டோர்ச் அவர் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும் கீழிருந்து மேலாக அவர் முகத்தில் அடித்தது. பத்துப் படி கீழே, இரண்டு கைகளும் கம்பியைப் பிடித்தபடி மரியதாசன் அண்ணாந்து நின்றார். வாய் திறந்திருந்தது. மூடியது. இன்னும் பெரிதாகத் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. முழு மூச்சையும் சேர்த்துக் கத்துகிற மனிதரின் முகம். ஒரு சத்தமும் இல்லை.

அவருடைய இரண்டு கன்னங்களும் உள்ளே அமிழ்ந்திருந்தன. பக்கத்துக்கு ஐந்து பள்ளங்களாக. நீளமான பள்ளங்கள். காதுக்குப் பின்னால் வரைக்கும் போயின. மிக மென்மையாக, பிரியமாக, அந்த முகத்தை அது ஏந்திக்கொண்டிருந்தது.

அவர் கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

அவளுக்கு விளங்கியது. அவர் என்ன கேட்கிறார் என்று. ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம் அவள் போட்டால் போதும். அது அவரை விட்டுவிடும். அவளிடம் வரும்.

அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் ஏறி வந்தது. தொண்டையை அடைந்தது. பற்களைத் தொட்டது.

சப்பாத்துகளைப் படியில் சத்தமில்லாமல் வைத்தாள். இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

வெளியே கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கன்னத்துப் பள்ளங்கள் மெல்ல, மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தன. அவர் கண்கள் அவளை விட்டு விலகவே இல்லை.